கன்னக்குழி விழுந்த பீரோ

என்னைப் பீரோவுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, மேலே மூன்றாவது மாடியில் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான் அந்த நாடகம் எழுதுகிற ஆள். ஊரில் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள் வாட்ச்மேன் அண்ணே. அவனுடைய ஸ்கூட்டர் அதோ நிற்கிறது. சீட்டுக் கிழிசலில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும், போய்ப் பாருங்கள். ஒட்டியிருக்கிறதா? பிறகென்ன.

வண்டியை எடு எடு என்றால் எப்படி எடுப்பது? டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறான். இது குட்டியானை வண்டி, பாதி கேட்டைத்தான் மறைக்கிறது. மிச்சப் பாதியில் உங்கள் அபார்ட்மெண்டே போய் வரலாம். மேலே கயிறு கட்டி நிற்கிறதே, அந்தப் பீரோவை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். ஏழரை மணி நாடகம், 'முந்தாநாள் வாசல்'. பார்ப்பீர்கள்தானே? போனில் பார்ப்பீர்கள், சரி. அதில் ஒரு பையன் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து தொண்ணூற்றி ஒன்றாம் வருசத்தில் போய் வெளியே வருவானே, அந்தப் பீரோதான் இது. என்னுடையது.

தொடாதீர்கள். பார்க்கலாம், தொடக்கூடாது.

என் பேர் தங்கப்பழம். வடபழனியில் பழைய சாமான் கடை. சினிமாவுக்கும் நாடகத்துக்கும் பழைய கடிகாரம், மரக்கட்டில், ரேடியோப் பெட்டி எல்லாம் நம்மிடம்தான் வாடகைக்கு எடுப்பார்கள். பதினொரு வயதில் ஆறுமுகநேரியிலிருந்து ரயிலேறி வந்தவன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தேன், தலையில் குட்டு வாங்கினேன், அதிலேயே கணக்கும் படித்தேன். பேரம் என்று உட்கார்ந்தால் என்னிடம் நாற்காலி வாங்க வந்தவன் தன் வீட்டு மேசையை விற்றுவிட்டுப் போவான். அப்படிப்பட்டவனை இந்த மூன்றாவது மாடி எழுத்தாளன் இரண்டு டீயில் கவிழ்த்தான். நாடகத்துக்குப் பீரோ வேண்டும் என்று வந்தான். கடை முழுக்கப் பதினாலு பீரோ நிற்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூலையில் போர்வை போர்த்தி நின்ற இதன் முன்னால் போய் நின்றான்.

"இது விற்பனைக்கா அண்ணாச்சி?"

"விற்பனைக்குத்தான்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"முப்பத்திமூணு வருசம்."

சிரித்தான். "முப்பத்திமூணு வருசமாவா விலை படியலை?"

படியவில்லை அண்ணே, அதுதான் நிஜம். நல்ல விலைக்குக் கேட்டவர்கள் உண்டு. ஒருத்தன் மூஞ்சி பிடிக்கவில்லை, ஒருத்தன் வீட்டில் எலி இருக்கிறது என்றான். நம் சாமானை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? அதைச் சொன்னேன். டீ வாங்கி வைத்துக்கொண்டு அவன் ஏன் ஏன் என்று கேட்க, நான் ஒரு வேகத்தில் கல்யாணக் கதையைச் சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். என் தொழிலில் நான் போட்ட பெரிய பேரம் அது.

என் தங்கச்சி செல்வக்கனிக்குத் தொண்ணூற்றி ஒன்றில் கல்யாணம். அப்பா இல்லை, அம்மா இல்லை, நான்தான் எல்லாம். மாப்பிள்ளை குரும்பூர், பேர் பொன்ராஜ், உப்பளத்தில் மேஸ்திரி. சீரில் ஒரு கண்ணாடி வைத்த பீரோ என்று நிச்சயத்தில் பேச்சு. பாரிமுனையில் இரண்டு நாள் நின்றேன் அண்ணே, காலில் நீர் கோத்துக்கொண்டது. கடைக்காரன் கண்ணாடி வைத்ததற்கு இறங்கவே மாட்டேன் என்கிறான். கண்ணாடி இல்லாததற்கு இறங்கினான். இறங்கினவனை விட முடியுமா? இதை வாங்கி ஏற்றிவிட்டேன். கண்ணாடியை மண்டபத்தில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேசினால் குறையாதது உலகத்தில் என்ன இருக்கிறது?

மண்டபத்தில் இறக்கும்போது தூணில் இடித்து, கைப்பிடிக்குக் கீழே ஒரு நசுங்கல். இதோ, கட்டை விரல் அளவுக்கு. நான் துண்டால் தேய்த்துப் பார்க்கிறேன். கனி மாலையும் கழுத்துமாக ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "அண்ணே, எம் பீரோவுக்குக் கன்னத்துல குழி விழுது பாத்தியா?" கழுதை. அந்த நேரத்திலும் அவளுக்கு விளையாட்டு.

தாலி கட்டி முடிந்தது. சம்பந்தி வந்து பீரோவைச் சுற்றிப் பார்த்தார். "கண்ணாடி வச்சதுன்னுல்லா பேச்சு?"

"அரைக் கண்ணாடின்னு வைங்க. பின்னால மாட்டிக்கிடலாம்."

"அரைக் கண்ணாடியில பொண்ணு பாதிதான தெரிவா?"

"மிச்சப் பாதிய உங்க மகன் பாத்துக்கிடுவாருல்லா."

மண்டபமே சிரித்தது. தவில்காரர் கூடச் சிரித்தார். சம்பந்திக்குக் காது சிவந்துவிட்டது. "அப்ப எம் மருமவ எதுல பாத்துப் பொட்டு வைப்பா?" என்றார். மனுசன் தோற்கிறார் என்று தெரிகிறது. ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. போட்டேன்.

"கிணத்துல எட்டிப் பாக்கச் சொல்லுங்க."

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நீங்களும் அந்த மண்டபத்து ஆட்கள் மாதிரியே பார்க்கிறீர்கள். தாலி ஏறின பெண்ணைக் கிணற்றோடு சேர்த்துப் பேசக்கூடாது என்று எனக்கும் தெரியும். பேரத்தில் கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் வேறு அர்த்தம் பார்த்தால் நான் என்ன செய்ய? கனி எழுந்து வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "சரிண்ணே. நான் கெணத்துலயே பாத்துக்கிடுதேன். உம் பீரோவ நீயே வச்சிக்கோ." மாப்பிள்ளையோடு வேனில் ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை.

ஆனால் அண்ணே, வியாபாரமாகப் பாருங்கள். கண்ணாடியும் கொடுக்கவில்லை, பீரோவும் திரும்பி வந்துவிட்டது. ஜெயித்தது யார்?

பத்தாம் நாள் நானே அதற்கு முழுக் கண்ணாடி போட்டேன், பெல்ஜியம் கண்ணாடி. வியாபாரத்துக்காகத்தான். கண்ணாடி இல்லாத பீரோவை எவன் வாங்குவான்?

இந்தக் கதையைத்தான் அந்த ஆள் இரண்டு டீக்கு வாங்கிக்கொண்டு போனான். போகும்போது, "அண்ணாச்சி, உங்க வாட்ச் ஓடலையே" என்றான். செல் தீர்ந்து நாலைந்து வருசம் ஆகிறது, மாற்ற நேரம் கிடைக்கவில்லை என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ஓடாத வாட்சை எழுதிக்கொண்டு போகிற ஆளை அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நாடகம் ஆரம்பித்தது. துரைப்பாண்டி என்று ஒரு மாமன். பழைய சாமான் கடை, கையில் ஓடாத வாட்ச், மூஞ்சி முழுக்க மீசை. நான் மீசையே வைப்பதில்லை. அவன் வந்தாலே இடி இடிக்கிறது, பின்னால் ஒரு பெண் ஆ என்று இழுத்துப் பாடுகிறாள். என் கடைக்கு நான் வரும்போது எவனாவது பாடினானா? அவனுடைய தங்கச்சி தாமரை, அவளுடைய மகன் அமுதன். அம்மாவும் மாமாவும் ஏன் பேசுவதில்லை என்று பையன் தேடுகிறான், மாமன் கடையில் இந்தப் பீரோவைத் திறக்கிறான், அம்மாவுடைய கல்யாண மண்டபத்தில் போய் விழுகிறான். அதுவரைக்கும் நான் ரசித்துத்தான் பார்த்தேன். பதினெட்டாம் நாள் அந்தத் துரைப்பாண்டி வாயைத் திறந்து, "கிணத்துல எட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றான்.

கடையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். "பாவி, நாக்கு அழுகிடும்" என்றாள் ஒரு அம்மா. அந்த நடிகன் சரியாகச் சொல்லவில்லை அண்ணே. நான் சொன்னபோது அவ்வளவு மோசமாக இல்லை.

மறுநாளே ஷூட்டிங்குக்குப் போனேன், பீரோவில் கீறல் விழுகிறதா என்று பார்க்க. அன்றிலிருந்து தினமும் போனேன், கீறலுக்காகத்தான். அந்த ஆளைப் பிடித்துக் கேட்டேன், என்னய்யா இது என்று. அவனுக்குக் கண் மினுங்குகிறது.

"அண்ணாச்சி, பீரோ வெறும் பீரோ இல்லை. அது தாய் வீடு. கண்ணாடிதான் காலம். லாக்கர், சொல்லாம விட்ட வார்த்தை. எல்லாம் குறியீடு."

"அப்ப உள்ள கிடக்கிற பாச்சை உருண்டை யாரு, சித்தப்பாவா?"

"துரைப்பாண்டி ஒரு மனுசன் இல்லை அண்ணாச்சி. அவன் நின்னு போன நேரம்."

"என் வாட்சுக்கு செல் இல்லைய்யா. நூறு ரூபாய் சாமான்."

"அதான் ஏன் மாத்தலை?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்க்கிறான். இந்தப் படித்தவர்களோடு பேசவே கூடாது. நாம் விலை சொன்னால் அவர்கள் காரணம் கேட்பார்கள்.

சரி, கதையாவது ஒழுங்காகப் போனதா? நாற்பது நாள் ஒரே இடத்தில் சுற்றியது. நீங்களும் பார்த்தீர்களே. பையன் பழைய நாளுக்குப் போகிறான், மாமனிடம் கண்ணாடி போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறான், மாமன் ஒத்துக்கொள்ளப் போகிற நேரத்தில் பையனுடைய விரல் மறைய ஆரம்பிக்கிறது. விளம்பரம். ஏன் மறைகிறது என்று கேட்டேன். அன்றைக்கே பீரோ தாமரை வீட்டுக்குப் போய்விட்டால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் பீரோ மாமன் கடையில் நிற்காது. கடையில் நிற்காத பீரோவுக்குள் பையன் எப்படி நுழைவான்? நுழையாதவன் அன்றைக்குப் போய் எப்படிச் சண்டையைத் தீர்த்தான்? இதற்குப் பாரடாக்ஸ் என்று பேராம். பூச்சி மருந்துக்கு வைக்கிற பேர்.

"அதுதான் அண்ணாச்சி கதையோட உயிர். சரி பண்ணினா, சரி பண்ணப் போன ஆளே இல்லாமப் போயிடுவான்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா நாற்பது நாள்? "மாமன் பீரோவை வாடகைக்குக் கொடுக்கட்டும்யா. தங்கச்சி முப்பத்திமூணு வருசம் வச்சிருந்துட்டு, பையன் வர்றதுக்கு முந்தின நாள் கடையில திருப்பி விட்டுடட்டும். உன் பூச்சி மருந்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன். லைட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த ஆள் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படின்னா வலி இல்லையே" என்றான். வலி வேண்டுமாம். வலியைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே தொழில் இதுதான்.

அப்போதுதான் கடைக்கு ஒரு போன் வந்தது. பொம்பளைப் பிள்ளைக் குரல்.

"மாமா, நான் சுபாஷினி பேசுதேன். குரும்பூர்லேர்ந்து. உங்க தங்கச்சி மக."

இருபத்தெட்டு வயதுப் பெண். நான் குரல் கேட்டது அன்றைக்குத்தான். இதுவரை எதற்கும் போகவில்லை. காது குத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள், நேரில் வந்து அழைக்கவில்லையே. போன ஆடியில் பொன்ராஜ் மச்சான் செத்துப்போனார். புருசன் போனவளுக்குப் பிறந்த வீடு போட வேண்டிய கோடிச் சேலையை யார் போட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

"அம்மா தெனமும் ஏழரைக்கு இந்த நாடகம் பாக்கா மாமா. மொத நாளு பீரோவக் காட்டுனதும் எந்திரிச்சு டிவி கிட்டப் போயிட்டா. கைப்பிடிக்குக் கீழ வெரல வச்சுத் தடவுதா. எம் பீரோவுக்குக் கன்னக்குழி விழும் பாருன்னு சொல்லிச் சிரிக்கா. அப்பா போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சா."

நான் ரசீது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடையில் ஆள் இருந்தது.

"எங்க வீட்ல கண்ணாடியே கிடையாது மாமா, தெரியுமா? நானே டீச்சர் வேல பாக்குத பள்ளிக்கூடத்துல போய்த்தான் தலையப் பாத்துக்கிடுவேன். அம்மா வாளித் தண்ணியிலதான் பொட்டு வச்சா, அப்பா இருக்குற வரைக்கும்."

பிடிவாதத்தைப் பாருங்கள் அண்ணே. ஒரு வார்த்தைக்காக முப்பத்திமூன்று வருசம் ஒரு மனுசி இப்படி இருப்பாளா? சின்ன விசயத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது.

"நீங்க ஒரு எட்டு வாங்களேன் மாமா. அம்மா சொல்லுதா, நாடகத்துல துரைப்பாண்டி தங்கச்சி வீட்டுக்கு வந்து நின்னாம்னா எங்கண்ணனும் வந்துருவான்னு."

அப்படியா சொன்னாள்? கனியா சொன்னாள்? "நாடகம் முடியட்டும் பிள்ள, பாக்கலாம்" என்றேன். எனக்குத் தெரிந்துவிட்டது. விசயம் முழுக்க இந்த எழுத்தாளன் கையில் இருக்கிறது.

விடவில்லை நான். ஷூட்டிங்கில், கேண்டீனில், இதே தெரு முனை இஸ்திரிக் கடையில் வைத்துப் பேசினேன். "துரைப்பாண்டி போய் தங்கச்சி கையைப் பிடிச்சு அழட்டும்" என்று ஆரம்பித்தேன். ஆரம்ப விலை எப்போதும் கூடத்தான் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றான். "சரி, அழ வேண்டாம். தப்புன்னு ஒரு வார்த்தை." மாட்டேன். "வார்த்தையும் வேண்டாம். பீரோவை இறக்கி வச்சிட்டு வாசல்ல நிக்கட்டும்." யோசித்தான். "வாசலும் வேண்டாம்யா. ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கட்டும். இறங்கினதோட முற்றும் போட்டுக்கோ." அதற்குக் கீழே இறங்க என்ன இருக்கிறது? என் வாழ்க்கையில் இவ்வளவு இறங்கினது கிடையாது.

அதற்கு அவன் சொல்கிறான்: "நீங்க செய்யாததைத் துரைப்பாண்டி செஞ்சா எப்படி நம்புவாங்க அண்ணாச்சி?"

"நான் செய்யாததைச் செய்யத்தானேய்யா உனக்குச் சம்பளம்?"

"பார்க்கலாம்" என்றான்.

எங்கள் தொழிலில் பார்க்கலாம் என்றால் பாதி முடிந்த மாதிரி. நம்பினேன். சுபாஷினிக்குப் போன் போட்டு, "அம்மாகிட்டச் சொல்லு, கடைசி நாள் தவறாமப் பாக்கட்டும்" என்று வேறு சொன்னேன். கடைசி நாள் ஷூட்டிங்குக்கு மட்டும் என்னை உள்ளே விடவில்லை. கதை ரகசியமாம்.

நேற்று நீங்களும் பார்த்தீர்கள்தானே? என்ன செய்தான் அந்த ஆள்? துரைப்பாண்டி புதுச் சட்டை போடுகிறான். பை எடுக்கிறான். பஸ்ஸுக்குத்தான் கிளம்புகிறான் என்று நான் கடையில் எழுந்தே நின்றுவிட்டேன். அவன் நேராகப் பீரோவிடம் போகிறான், கதவைத் திறக்கிறான், உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறான். கதவு சாத்துகிறது. பூட்டு விழுகிற சத்தம். கண்ணாடியில் காலிக் கடை தெரிகிறது. மனிதன் தன் அகந்தைக்குள் தானே பூட்டிக்கொள்கிறான் என்று எழுத்து ஓடுகிறது. முற்றும். உயிரோடு ஒரு மனுசனைப் பாச்சை உருண்டையோடு வைத்துப் பூட்டிவிட்டு முற்றும் போட்டால் அதற்குப் பேர் கதையா? துரைப்பாண்டி நான்தான் என்று ஊருக்குத் தெரியாது, சரி. குரும்பூரில் ஒருத்திக்குத் தெரியுமே.

எட்டு மணிக்கு சுபாஷினி. "அம்மா டிவிய அணைச்சிட்டா மாமா. வொயர உருவி வச்சிட்டா. இனிமே அந்தப் பீரோப் பேச்ச எங்கிட்ட எடுக்காதங்கா."  பிறகு, "நீங்க நல்லா இருக்கீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் கம்பெனிக்காரன் இந்த வண்டியில் பீரோவைத் திருப்பி அனுப்பினான். கடையில் இறக்க விடவில்லை நான். ஏறி உட்கார்ந்து, விடுடா சாலிகிராமத்துக்கு என்றேன். வந்துவிட்டேன்.

என்ன? என்ன சொன்னீர்கள்?

இதே வண்டியில் நேராகக் குரும்பூருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா? நல்ல ஆள் அண்ணே நீங்கள். டிரைவரும் வரும்போது இதையேதான் சொன்னான். டீசல் ரொப்பித்தான் இருக்கிறது, நாளைக் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம் அண்ணாச்சி என்றான். உங்களுக்கெல்லாம் பேரம் தெரியாது. எப்படிப் போவது? நேற்றுத்தான் ஊர் உலகம் பார்க்கத் துரைப்பாண்டி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டான். இன்றைக்கு நான் போய் வாசலில் நின்றால் அவள் நம்புவாளா? எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது? கதை மாறட்டும், அப்புறம் நான். முதலில் துரைப்பாண்டி இறங்கட்டும்.

சாவியா? சாவி என்னிடம்தான் இருக்கிறது. இடுப்புக் கயிற்றில், முப்பத்திமூன்று வருசமாக. ஷூட்டிங்குக்கே நான் கொடுக்கவில்லை, அவர்கள் டூப்ளிகேட் போட்டுக்கொண்டார்கள். சிரிக்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதா இப்போது பேச்சு? பூட்டினவன் யார், அதைப் பேசுங்கள்.

மாடிக்குப் போன் போடுங்கள் அண்ணே. தூங்கினால் எழுப்புங்கள். இன்னும் ஒரே ஒரு நாள் நாடகம் எழுதச் சொல்லுங்கள். இறங்கி வந்து இந்தக் கதவைத் திறந்து அந்த மனுசனை வெளியே விடச் சொல்லுங்கள். குரும்பூரில் பஸ்ஸை விட்டு அவனை இறக்கிவிட்டால் போதும். அதற்கு மேலே ஒரு வரி கேட்க மாட்டேன். மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன்.